வேலைக்குப் போகிற முகம்

எங்கள் கடையின் ஸ்டாஃப் வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே ஒரு ட்யூப்லைட் எரியும். தினமும் காலையில் அதற்குக் கீழே நின்று முகத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேனேஜர் ஜெகதீசன் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்ப்பார். பிடித்திருந்தால் தலையை ஆட்டுவார். பிடிக்காவிட்டால், "இன்னாம்மா, மூஞ்சில லைட்டே எரியலயே" என்பார். உள்ளே போய் இன்னொரு பூச்சு பூசிக்கொண்டு வா என்று அதற்கு அர்த்தம்.

விழுப்புரத்தில் நாலு மாடி நகைக்கடை. பெயர் எதற்கு, எல்லாக் கடையிலும் இதே கூத்துதான். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு சின்னப் பை கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஃபவுண்டேஷன், பவுடர், மெரூன் கலர் லிப்ஸ்டிக், கண் மை. கறுப்பாக இருப்பவளுக்கும் மாநிறமாக இருப்பவளுக்கும் ஃபவுண்டேஷன் ஒரே நிறம், பால்கோவா நிறம். அதைப் பூசிக்கொண்டால் முகம் ஒரு ஊராகவும் கழுத்து ஒரு ஊராகவும் தெரியும். அதனால் கழுத்திலும் பூசச் சொல்வார்கள். அப்புறம் கை மிச்சம். தங்கத்துக்குப் பக்கத்தில் முகம் மங்கலாக இருந்தால் தங்கமும் மங்கிவிடும் என்று ஜெகதீசன் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் முகம் கரி பிடித்த அடுப்பங்கரைச் சுவர். அவர் பக்கத்தில் எந்த நெக்லஸும் மங்கியதாக நான் பார்க்கவில்லை.

என் பெயர் அமல்ராணி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. வீட்டுக்காரர் சூசைமுத்து ஆட்டோ ஓட்டுகிறார். கடையில் நான் வெள்ளி செக்ஷன். கொலுசு, மெட்டி, குழந்தைகள் அரைஞாண். எங்கள் சனத்தில் பொட்டு வைக்கிறவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு. நான் வைக்காத கட்சி. கொலுசு விற்கிறவளுக்குப் பொட்டு இல்லாவிட்டால் குடி முழுகாது என்று ஜெகதீசனும் விட்டுவிட்டார். மற்ற பூச்சு எல்லாம் எனக்கும் உண்டு.

பொட்டு கட்டாயமாக வேண்டியது தாலி கவுண்ட்டரில். அதில்தான் கலைப்பிரியா நின்றாள்.

தாலி வாங்க வருகிறவர்களுக்கு எங்கள் கடையில் தனி மரியாதை. வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு தாலியை வைத்து, புருஷன் இருக்கிற கட்டுக்கழுத்தி ஒருத்தி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வருவாள். வாங்க வந்த அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, தாலியைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுப்பாள். போட்டோக்காரர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். ஃப்ரேம் போட்டும் கையில் கொடுப்பார்கள். சனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கலைப்பிரியாவின் முகம் அதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும். வட்ட முகம், பெரிய கண். சிரித்தால் கடனைத் திருப்பிக் கேட்க வந்தவன்கூட உட்கார்ந்துவிடுவான். "அந்தப் பொண்ணு கையால குடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

அவள் புருஷன் தென்னரசு பைபாஸில் லாரி மோதி செத்துப்போனான். கல்யாணமாகி நாலு வருஷம், ஒரு பெண் குழந்தை. ஒலக்கூருக்கு உள்ளே தள்ளி அவர்கள் ஊர். நாங்கள் எல்லோரும் சாவுக்குப் போயிருந்தோம். கடை பெயர் போட்ட ரிப்பனோடு ஆளுயர மாலை கொண்டுபோய்ப் போட்டது ஜெகதீசன்தான்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி வந்தபோது நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு மட்டும். ட்யூப்லைட்டுக்குக் கீழே வந்து நின்றாள். ஜெகதீசன் அவளை ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். என்ன பேசினார் என்பதை அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"பின்னாடி பேக்கிங்ல போடுங்க சார்னேன்க்கா. அங்க ஆள் தேவையில்லன்ட்டாரு. வர்றவங்க உன் மூஞ்சியத்தான் கேக்கறாங்க, பழையபடி பொட்டு வெச்சிக்கினு பூ வெச்சிக்கினு வா, உன் வூட்ல இன்னா நடந்துதுன்னு வெளியில யாருக்குத் தெரியப் போவுது, முடியாதுன்னா நின்னுக்கன்னு சொல்றாருக்கா."

நின்றுகொள்ள அவளால் முடியாது. அவள் மாமியார் பாஞ்சாலி கெட்டவள் இல்லை. பேத்தியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் கலை இருந்தது அவள் சம்பளத்தால்தான். மாமனார் துரைக்கண்ணு நிலத்தில் மல்லாட்டைக் கடலை போட்டு இரண்டு வருஷமாகப் போட்ட பணம் திரும்பவில்லை. வேலை போனால், கண்டாச்சிபுரம் பக்கம் இருக்கிற தாய்வீட்டுக்கு அவளை அனுப்பிவிடுவார்கள். குழந்தையை அனுப்ப மாட்டார்கள், அது தென்னரசு விட்டுப்போன ஒரே சொத்து. வேலைக்குப் போக விட்டதற்கும் மாமியார் ஒரே நிபந்தனைதான் போட்டாள். "போ. ஆனா பூ பொட்டுன்னு ஊரு வாயில வுழாத." கலை என்ன செய்வாள்? தன்னைப் பின்னால் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். பொட்டு வைத்தால் பிள்ளை போய்விடும். வைக்காவிட்டால் வேலை போய், அதன் வழியாகப் பிள்ளை போய்விடும்.

அதிலிருந்து இரண்டு வருஷம், தினமும் பஸ்ஸில்தான் அவள் முகம் மாறியது. திண்டிவனத்தில் வெறும் நெற்றியோடு என் பக்கத்தில் ஏறி உட்காருவாள். மயிலம் ரோடு தாண்டியதும் பையைத் திறப்பாள். ஃபவுண்டேஷனும் பவுடரும் ஓடுகிற வண்டியில் போட்டுக்கொள்ளலாம். லிப்ஸ்டிக்கைப் பல்லில் படாமல் போடக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். கண் மை மட்டும் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில்தான், வண்டி நிற்கிற இடம் அது ஒன்றுதான். ஸ்டிக்கர் பொட்டைக் கடைசியாக ஒட்டுவாள். ஒட்டும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு நாள் கூட என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை ஒட்டியதில்லை.

சாயங்காலம் இதே வேலை தலைகீழாக நடக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுப் பழைய துணியால் பஸ்ஸிலேயே பாதியைத் துடைப்பாள். மீதியை என் வீட்டுக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவுவாள். காது மடல், மூக்கு ஓரம், மயிர்க்கோடு என்று பார்த்துப் பார்த்துத் தேய்ப்பாள். என் வீட்டுத் துண்டில் மெரூனும் கறுப்புமாக அவள் முகம் ஒட்டிக்கொண்டிருக்கும். "நல்லாப் பாருங்கக்கா, எங்கியாவது ஒட்டிக்கினு கீதா" என்று என்னிடம் காட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் டவுன் பஸ் ஏறுவாள். அவள் பெண் தன்ஷிகாவுக்கு அப்போது மூன்று வயது. வேலைக்குப் போகிற அந்த முகத்தைப் பிள்ளை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தால் பாட்டியிடம் போய் உளறிவிடும் என்று கலைக்குப் பயம்.

பிள்ளைக்கு ஐந்து வயது ஆனபோது கொழுந்தன் பிரவீன்குமாருக்குக் கல்யாணம் குதிர்ந்தது. அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல பையன், அண்ணி என்றால் உயிர். மாப்பிள்ளை வீட்டார்தான் தாலி வாங்க வேண்டும். திண்டிவனத்தில் இல்லாத நகைக்கடையா? ஆனால் பாஞ்சாலி ஒரே பிடியாக, எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும் என்றுவிட்டாள். மருமகள் அங்கே வேலை செய்கிறாள், ஸ்டாஃப் வீட்டுக்குச் சேதாரத்தில் குறைப்பார்கள். நியாயமான ஆசைதான், யார் தப்பு சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. கலை வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டாள். உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே படுத்துக்கொள்வாள், நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். இப்படித்தான் பேசி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை கரிநாள் என்று ஜோசியர் சொன்னதும், புதன்கிழமை பதினொரு மணிக்கு ஒரு வேன் எடுத்துக்கொண்டு அவர்கள் வந்து இறங்கியதும் எங்களுக்குத் தெரியாது. பாஞ்சாலி போன் செய்திருக்கிறாள். வேலை நேரத்தில் எங்கள் போன் எல்லாம் லாக்கரில் கிடக்கும்.

நான் கொலுசுத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் பாஞ்சாலி தலை தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள், முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி. கல்யாணப் பெண்ணின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் பெண். துரைக்கண்ணு கீழே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பெண் வீட்டார் கலையைப் பார்த்ததே இல்லை. பெண் பார்க்கப் போனது, நிச்சயம் என்று நடந்த எதற்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

ஓடிப்போய்த் தாலி கவுண்ட்டரில் நின்று, "கலை, நீ உள்ள போ, நான் பாத்துக்கறேன்" என்று தட்டைப் பிடித்தேன். அவளும் பார்த்துவிட்டாள். அதற்குள் ஜெகதீசன் வந்துவிட்டார். "நீ எங்கம்மா வர்ற? நெத்தில ஒண்ணும் இல்லாம தாலி எடுத்துக் குடுப்பியா? போ, உன் இடத்துக்குப் போ." அவர்கள் அவள் வீட்டு ஆட்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாஞ்சாலி கவுண்ட்டருக்கு முன்னால் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கலை தலையைக் குனிந்துகொண்டாள். டிசைன் எடுத்துக் காட்டினாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் குரல் தெரிந்துவிடும். பெண்ணின் அம்மாதான் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பாஞ்சாலி விரலால் தடவிப் பார்த்து, சரி என்றாள். பிறகு கவுண்ட்டர் மேல் சாய்ந்து, ரகசியம் சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

"யம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத. எங்க மருமவ ஒருத்தி இங்கதான் பின்னால வேல செய்யறா. கலைப்பிரியான்னு. பெரிய புள்ள போய்ச் சேந்துட்டான். நல்ல காரியத்துக்கு வந்துருக்கோம். நாங்க வாங்கிக்கினு போறவரைக்கும் அவள இந்தப் பக்கம் வராம பாத்துக்கம்மா. அவ மனசு கஷ்டப்படாம சொல்லு."

கலை தலையை ஆட்டினாள்.

நான் கொலுசுகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அந்த நிமிஷம் எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மருமகள் மனசு நோகக்கூடாது என்று கேட்கிறாள் பாவம் அந்தக் கிழவி, அதையும் அவளிடமே கேட்கிறாள்.

தட்டு வந்தது. கலை குங்குமத்தை எடுத்து மாமியார் நெற்றியில் வைத்தாள். பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். கலை தாலியைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தபோது, கிழவி "மவராசியா இரும்மா, தீர்க்காயுசா உன் வூட்டுக்காரு நல்லா இருக்கட்டும்" என்றாள். போட்டோக்காரர், "மேடம், கொஞ்சம் நிமிருங்க" என்றார். ஜெகதீசனும், "கலை, மூஞ்சியக் காட்டும்மா" என்றார். நல்லவேளை, அதற்குள் பெண்ணின் அம்மா ஏதோ கேட்டு, பாஞ்சாலி அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள், பெயர் காதில் விழவில்லை. கலை நிமிர்ந்தாள். சிரிக்கவும் செய்தாள், பழக்கம்.

அவர்கள் போன பிறகு இரண்டு பேரும் பாத்ரூமில் போய் நின்றோம். தப்பித்தோம் என்று நான் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தால் மை கரையும் என்று அவள் தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் எண்ணெய் தொட்டு வலது கன்னத்தைத் துடைத்து முடித்திருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கென்று இரண்டு வீட்டாரும் சேர்ந்த குரூப்பில் கடைக்காரர் அனுப்பிய படத்தைப் பெண்ணின் தங்கை போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே பிரவீன்குமார், வேலையிலிருந்து, சந்தோஷமாக எழுதியிருந்தான். "தாலி குடுக்கறது எங்க அண்ணிதான். செம்ம சூப்பரா இருக்கீங்க அண்ணி. எனக்கே ஒரு செகண்ட் அடையாளம் தெரியல." பக்கத்தில் மூன்று இதயம்.

அவன் அண்ணியைப் பாராட்டினான், அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அவள் மேக்கப்பைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. கலை போனை என்னிடம் காட்டினாள். ஒரு பக்கம் பால்கோவா நிறம், ஒரு பக்கம் அவள் நிறம். கையில் எண்ணெய்த் துணி.

"அக்கா," என்றாள், "இதுக்கு மேல தொடைக்கறதா, வேணாமா?"

 துணியை மடித்து, மீதியையும் அவளே துடைத்தாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வேன் நின்றது. பாஞ்சாலி, துரைக்கண்ணு, பெண் வீட்டிலிருந்து இரண்டு ஆம்பிளைகள். கலை அவர்களுக்குப் பின்னால் வெறும் நெற்றியோடு வந்தாள். தாலிப் பெட்டியைக் கவுண்ட்டரில் வைத்து, இதை உருக்கிவிடுங்கள், எங்களுக்கு வேண்டாம் என்றார் துரைக்கண்ணு. கடையில் மற்ற சனங்கள் கூடிவிட்டார்கள். ஜெகதீசன் முகத்தில் வருத்தம் வரவழைத்துக்கொண்டார்.

"இந்தம்மா பூ பொட்டோட வந்தாங்க, நாங்க கவுண்ட்டர்ல நிக்க வெச்சோம். அவங்க வூட்டு விஷயம் எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? ஏமாத்திட்டாங்க."

"எம்புள்ளைக்கு மாலை போட்டது நீதான?" என்றார் துரைக்கண்ணு.

"நான் எத்தினி சாவுக்குப் போறேன். எல்லாம் ஞாபகம் வெச்சிக்க முடியுமா பெரியவரே?"

நான் வெள்ளி செக்ஷனிலிருந்து, "பொட்டு வெச்சிக்கினு வரச் சொன்னதே நீங்கதான சார்" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கூட இருந்த பெண்கள் எல்லோரும் சாவுக்கு வந்தவர்கள்தான். எல்லோரும் ஷோகேஸைத் துடைத்தார்கள். ஜெகதீசன் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்து நீதான் என்று இருந்தது. இரண்டாவது தடவை நானும் வாயைத் திறக்கவில்லை.

பாஞ்சாலி அழவில்லை, கத்தவும் இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருமகள் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"ஒரு புள்ளைய வாரிக் குடுத்துட்டேன்டி. இன்னும் ஒருத்தன்தான் கீறான். அவன் தாலிலயா நீ கைய வெக்கணும்? அது நீதான்னு தெரியாம உங்கிட்டயே நெத்தியக் காட்டிக்கினு ஒக்காந்துருந்தேனே. நான் பாக்கலன்னா அத்தைன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

 கலையைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அடுத்த பிள்ளைக்குப் பயப்படுகிறாள், அதை எந்த வாயால் தப்பென்று சொல்வது?

அன்றோடு அவளுக்கு வேலை போனது. அன்றோடு அந்த வீடும் போனது. கல்யாணம் முடிகிறவரை ஊரில் இருக்கக்கூடாது என்று தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். குழந்தை எங்கள் ரத்தம், இங்கேதான் வளரும் என்று துரைக்கண்ணு சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்த பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை. பிரவீன்குமார் போன் செய்து அழுதானாம். "அழுது இன்னா பண்றதுக்கா, அவன் சந்தோஷத்துல சொன்னது" என்று கலை போனில் சொன்னாள். தாய்வீட்டில் இப்போது இருப்பது அவள் அண்ணன் சித்தார்த்தன் குடும்பம், மொத்தமே இரண்டு அறை. அதில் ஒரு அறையில், பிரசவம் முடிந்து வந்த அண்ணன் பெண்டாட்டி பச்சைக் குழந்தையோடு. கலை கேப்பைக் கொல்லையில் களையெடுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

கடையில் தாலி கவுண்ட்டர் காலியாக இருக்க முடியாது. ஒரு வாரம் கழித்து ட்யூப்லைட்டுக்குக் கீழே ஜெகதீசன் என்னை நிறுத்தி, கலை திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கையில் கொடுத்தார். "உனக்கு வூட்டுக்காரரு இருக்காரு, அது போதும். பொட்டு வெச்சா எந்த சாமின்னு யாரு கேக்கப் போறாங்க." வைக்க மாட்டேன் என்று சொல்லலாம்தான். சூசைமுத்துவுக்கு முதுகுவலி வந்து ஆட்டோ பாதி நாள் நிற்கிறது. நான் வைத்துக்கொண்டேன். ஆண்டவர் என்னை மன்னித்துவிடுவார். ஜெகதீசனை நான்தான் மன்னிக்க மாட்டேன்.

பிரவீன்குமார் கல்யாண ரிசப்ஷன் திண்டிவனத்தில், பைபாஸ் பக்கம் ஒரு மண்டபத்தில். அன்று நான் பாதி நாள் லீவு. மத்தியானம் கதவைத் தட்டினார்கள். கலை நின்றாள். வெயிலில் கறுத்து இளைத்திருந்தாள், முழங்கைவரை கீறல்.

"அக்கா, உங்க மேக்கப் பை வெச்சிக்கினு இருக்கீங்களா?"

எதற்கு என்று கேட்டேன்.

"பாப்பாவ வாசல்ல பன்னீர் தெளிக்க நிறுத்தப் போறாங்க. அப்பவே பேசி வெச்சது. பட்டுப் பாவாடை எடுத்ததே நான்தான். ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்க்கா. மேக்கப் போட்டுக்கினு போனா யாருக்கும் தெரியாது. கடையிலயே தெரியல."

இது நல்லதுக்கில்லை என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே பையையும் எடுத்துக் கொடுத்தேன். என் கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிவிட்டேன். கடையில் போட்டதைவிட அன்றைக்கு இரண்டு பூச்சு அதிகம் போட்டாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, பவுடர் நிற்கவில்லை. கண் மையை ஒரு நடுக்கமும் இல்லாமல் இழுத்தாள், இது ஓடாத வீடு. பொட்டை ஒட்டும்போது இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. பார்க்க அழகாக இருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஆறு மணிக்குப் போனோம். மண்டபத்து வாசலில் சீரியல் லைட், மேளம், காது பிய்கிற பாட்டு. மேஜைமேல் சந்தனம், குங்குமம், கல்கண்டு. மேஜைக்குப் பின்னால் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு தன்ஷிகா, கையில் பன்னீர்ச் சொம்பு. பச்சைப் பட்டுப் பாவாடை. குழந்தைக்கும் யாரோ ரோஸ் பவுடரும் லிப்ஸ்டிக்கும் அப்பிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் பாஞ்சாலி, அதே கறுப்புக் கண்ணாடியோடு, வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கலை வரிசையில் நின்று நின்று மேஜைக்கு முன்னால் போனாள். நான் பின்னால். "வாம்மா, வா" என்றாள் பாஞ்சாலி, யாரோ பெண் வீட்டு உறவு என்று நினைத்துக்கொண்டு. "பாப்பா, தெளி."

பிள்ளை பன்னீரைத் தெளித்தது. கலையின் முகத்தைப் பார்த்தது. ஒரு தடவை நெற்றியைப் பார்த்தது. திரும்பவும் கண்ணைப் பார்த்தது. கலை சிரிக்கவில்லை. நான் மாதாவைக் கூப்பிட்டேன், தெரியட்டும் என்றா, தெரியக்கூடாது என்றா, எனக்கே தெரியாமல் கூப்பிட்டேன்.

"ஆண்ட்டி, கல்கண்டு எடுத்துக்கங்க" என்றது குழந்தை.

கலை ஒரு கல்கண்டு எடுத்துக்கொண்டாள். நகரவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அவள் முந்தானையைப் பிடித்துக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். பன்னீர் ஈரத்தோடு ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும், அவள் கன்னம் வெளியே வந்திருக்கும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாஞ்சாலி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தபடியே அவளை உள்ளே தள்ளி, சாப்பாட்டுக் கூடம் வழியாகப் பின் வாசலால் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளை அதற்குள் அடுத்து வந்தவர்களுக்குத் தெளிக்கப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்தாள். சோப்பை எடுக்கவில்லை.

"ரெண்டு தடவ பாத்தாக்கா. நல்லாப் பாத்தா. அப்பறம் ஆண்ட்டின்னா."

"கொழந்தடி. சத்தம், கூட்டம், அதுக்கு இன்னா தெரியும்."

"லிப்ஸ்டிக் அவ ஒதட்டுல நிக்கவே இல்ல, நக்கித் தின்னுக்கினு இருந்தா. வயித்துக்கு ஆவாது. யாரு சொல்லுவாங்க அங்க?"

கழுவினாள். வழக்கம்போலக் காது மடல், மூக்கு ஓரம், மயிர்க்கோடு. பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்கவில்லை. இனி அது எதற்கு? வெறும் முகத்தோடு தன் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். விழுப்புரம் போய் அங்கிருந்து கண்டாச்சிபுரம் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனேன்.

"அக்கா, ஒரு நாளைக்கு இந்த மூஞ்சியோடயே போய் அவ முன்னாடி நின்னா, அவளுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியாம இன்னா. பெத்தவ மூஞ்சி தெரியாதா?"

"அப்ப அத்தைக்கும் தெரிஞ்சிரும் இல்ல" என்றாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்துகொண்டாள்.